சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை நடிப்பு வகுப்பு: எது தேறுகிறது, எது தேறவில்லை

"சோகமா நில்லு" என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளை தலையைத் தொங்கப் போடும். "கோபமா பேசு" என்றால் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு கத்தும். தமிழ்ப்பள்ளி விழா மேடைகளில் ஆண்டுக்காண்டு இதைத்தான் பார்க்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் அந்த இரண்டு கட்டளையும் காதில் விழாது. வகுப்பின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவதற்கு இந்த ஒன்றே போதும். குறைகள் இல்லாமலும் இல்லை.

முதலில் அடிப்படை விவரம். வயது 13 முதல் 17 வரை. ஒரு தவணைக்குப் பதினாறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பன்னிரண்டு வாரம், சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4.30 வரை. மாதக் கட்டணம் 80 வெள்ளி. பாடம் எடுப்பவர் ஒரு சார். உதவிக்கு ஓர் அண்ணனும் ஓர் அக்காவும். கடைசி வாரத்தில் பொது மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் அரை மணி நேர நிகழ்ச்சி.

அறை சுமார். ஒற்றைக் கடைவீட்டின் அகலம், அதில் முன்பாதி மட்டும் வகுப்புக்கு. நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் தரையில் ஒட்டுநாடாவால் நடிப்பிடத்தைக் குறித்திருக்கிறார்கள். இது நல்ல வழக்கம்: கோட்டுக்குள் கால் வைத்தால் பாத்திரம், வெளியே வந்தால் நீ. வெறுங்காலோடுதான் பயிற்சி. ஆனால் தரை வழவழப்பான ஓடு. வியர்வை பட்டால் வழுக்கும். விழும் பயிற்சிக்கும் உருளும் பயிற்சிக்கும் நான்கு பாய்தான் இருக்கிறது, இன்னும் நான்கு வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி கீழே போகும்போதெல்லாம் மேலே பேச்சு அமுங்கிப் போகிறது. வெறும் சுவரும் ஓட்டுத் தரையும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், பிள்ளைகள் மெல்லப் பேசினாலும் கணீரென்று கேட்கும். மண்டபத்துக்குப் போனதும் அந்தக் கணீர் காணாமல் போகும். இரண்டு சுவரில் பழைய கெட்டித் திரைச்சீலையைத் தொங்கவிட்டாலே உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

வகுப்பு நடையில் தொடங்குகிறது. அறை முழுவதும் நடக்க வேண்டும். வேகம் ஒன்று முதல் ஐந்து வரை. கைதட்டினால் உறைந்து நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாரும் ஒரே திசையில் வட்டமடிக்க ஆரம்பிப்பார்கள். எந்த வகுப்பிலும் இது நடக்கும். காரணம், கண் தரையில் இருக்கிறது, முன்னால் போகிறவரின் முதுகைப் பின்பற்றுகிறது. சார் இதற்காக அதட்டுவதில்லை. "காலியா இருக்கிற இடத்தைப் பார்த்து நட" என்று ஒரே வார்த்தை. கண் நிமிர்கிறது, வட்டம் உடைகிறது. பிறகு மேடையில் நான்கு பேர் நிற்கும்போது இடைவெளியைத் தானே கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கேதான் உருவாகிறது. இந்தப் பயிற்சியைத் தாண்டாத பிள்ளைகள்தான் நாடகத்தில் பள்ளிச் சபைகூடல் வரிசை மாதிரி தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள்.

மூன்றாம் வாரத்தில் அட்டை வருகிறது. உள்ளங்கை அளவு அட்டையில் ஆறு கேள்வி: நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன நேரம், ஒரு நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது, எதிரில் இருப்பவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. ரஷ்ய நாடக இயக்குநரும் நடிப்பாசிரியருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வகுத்த சூழ்நிலைக் கேள்விகளின் சுருக்கம் இது. இதோடு எட்டு வரி வெற்று உரையாடல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதில் கதை ஏதும் இருக்காது:

வந்துட்டியா?
ம்.
மழையா?
இல்ல.
சொன்னாங்களா?
சொன்னாங்க.
அப்புறம்?
ஒண்ணுமில்ல.

எட்டு ஜோடிக்கும் இதே வரிகள். அட்டை மட்டும் வேறு வேறு. ஒரு ஜோடிக்குத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த நாள், ஆபீசுக்குப் போய்த் திரும்பிய தம்பியும் வாசலில் காத்திருந்த அக்காவும். இன்னொரு ஜோடிக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்த தோழியும் அடுத்து உள்ளே போகப் போகிறவளும். ஒரே "ஒண்ணுமில்ல" ஓரிடத்தில் மறைப்பாகவும் ஓரிடத்தில் எச்சரிக்கையாகவும் விழுவதை மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இதில் சறுக்கும் இடம் ஐந்தாவது கேள்வி. "எனக்கு என்ன வேண்டும்" என்ற இடத்தில் பிள்ளைகள் "சந்தோஷமா இருக்கணும்", "அக்கா புரிஞ்சிக்கணும்" என்று எழுதுவார்கள். அதை நடிக்க முடியாது, ஏனென்றால் கிடைத்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. எதிரில் இருப்பவர் செய்யக்கூடிய, பார்த்தால் தெரியக்கூடிய ஒரு காரியமாக அதை மாற்ற வேண்டும்: "அக்கா அந்தக் கடிதத்தை என் கையில் கொடுக்கணும்." இப்போது தம்பியின் கண் கடிதத்தின் மேல் இருக்கும், கை தயங்கும், அக்கா திரும்பினால் அவனும் நகர்வான். இந்த மாற்றத்துக்குச் சார் பொறுமையாக நேரம் ஒதுக்குகிறார். ஒரு முழு வகுப்பே இதில் போகும். பெற்றோர் சிலருக்கு அது வீண் போலத் தெரியலாம், இல்லை.

அடுத்து வினை. ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலில் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும்: கெஞ்சு, மிரட்டு, சீண்டு, மழுப்பு, தேற்று, விரட்டு. "கோபமாக", "பாசமாக" என்று எழுதினால் அழிப்பான் வந்துவிடும். வினை எதிராளியின் மேல் பாய்கிறது. "கோபமாக" என்பது தன் முகத்தின் மேல்தான் திரும்பி வருகிறது. ஒரே வினை மூன்று வரிக்கு மேல் தொடரக்கூடாது என்பது இங்குள்ள விதி. பயனுள்ள விதிதான், ஆனால் எட்டு வரிக் காட்சிக்குப் பொருந்துவது நீண்ட வசனத்துக்குப் பொருந்தாது; நீளமான வசனத்தில் எண்ணத்துக்கு எண்ணம் வினை மாற வேண்டும், வரிக்கு வரி அல்ல. உதவிக்கு இருக்கும் அண்ணன் அதை எந்திரத்தனமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

வகுப்பின் ஆகச் சிறந்த பகுதி தொல்காப்பியத்திலிருந்து வருகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், இவை: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பரதநாட்டிய வகுப்பு என்றால் எட்டுக்கும் முகபாவம் பழக்குவார்கள். இங்கே சார் அந்த எட்டை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நான்கு காரணங்களைப் பலகையில் எழுதுகிறார். மொத்தம் 32. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டது ஒன்று, உள்ளதைப் பறிகொடுத்தது ஒன்று, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோனது ஒன்று, இல்லாமை ஒன்று. நான்கு பேர் நிற்க வேண்டும். நால்வருக்கும் ஒரே வரி, "தண்ணி குடு". ஆளுக்கொரு காரணம். முகத்தை எதுவும் செய்யக்கூடாது.

இகழப்பட்டவள் தண்ணீர் கேட்கும்போது கண்ணைத் தாழ்த்துகிறாள். பறிகொடுத்தவன் குவளையை வாங்கிக் குடிக்க மறந்து நிற்கிறான். நல்ல நிலையில் இருந்து தாழ்ந்தவன் கேட்பதற்கு முன் சட்டையைச் சரிசெய்கிறான். ஏழை இரண்டு கையையும் நீட்டுகிறான். இந்த நான்கும் யாரும் சொல்லிக்கொடுத்து வந்தவையல்ல. காரணம் தெளிவாக இருந்தால் உடம்பு தானாகத் தேடிக்கொள்கிறது. ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தன் கடைசிக் காலத்தில் உணர்ச்சியை நேரே கிளறுவதை விட்டு உடல் செயலின் வழியாக அதை வரவழைக்கும் முறைக்குத் திரும்பினார். நம்மிடம் இருக்கும் பழைய இலக்கணம் காரணத்தின் வழியாக அதே வாசலுக்கு வருகிறது. இரண்டையும் ஒரே பலகையில் எழுதத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடும்பத்தாருக்குக் கேடு செய்தல்), அலை (வைதும் அடித்தும் துன்புறுத்தல்), கொலை என்ற நான்கையும் பதின்மூன்று வயதுக்காரர்களுக்குக் கொடுப்பது கொஞ்சம் கனம். அலைத்தல் ஒன்றை மட்டும் எடுத்துப் பள்ளிப் பேருந்துச் சீண்டலாக மாற்றிக்கொண்டது சரியான முடிவு.

"வீட்டில் இறந்துபோன தாத்தாவை நினைச்சுக்க, அழுகை வரும்" என்று பிள்ளைகளைக் கிளறும் வகுப்புகள் உண்டு. வளரும் வயதில் அது ஆபத்து. நடிப்புக்கும் உதவாது, இரண்டாம் முறை அதே நினைவு அதே கண்ணீரைத் தராது. இந்த வகுப்பில் அது அறவே இல்லை.

பொருளில்லாமல் பொருளைக் கையாளும் பயிற்சிக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுவதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரைச் சுற்றிப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டி சொன்ன கதையாகத்தான் பால்வெட்டு தெரியும். ஓய்வுபெற்ற ஓர் அம்மா ஒரு நாள் வந்து செய்துகாட்டுகிறார். வேலை வரிசை இது: மரத்தருகே நின்று மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைப்பது, வெட்டுக் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவது, இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கத் தாழ்வுக்குக் கத்தியைச் சின்னச் சின்ன இழுப்பாகக் கொண்டுவருவது, பால் வழியும் தகரத்தைச் சரிபார்த்து மங்கை வைப்பது. சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வரும். ஆகவே மணிக்கட்டில் அவசரம் கூடாது, கண் கத்தி முனையை விட்டு விலகக்கூடாது.

பிள்ளைகள் செய்யும் தவறுகள் மூன்று. மரம் சுவராகிவிடுகிறது: வெட்டு, மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்ந்து இறங்குவது, வெட்டுபவர் பக்கவாட்டில் காலை நகர்த்தி மரத்தைச் சுற்றிவர வேண்டும். இவர்களோ நின்ற இடத்திலேயே நேர்கோடு போடுகிறார்கள். இரண்டாவது, கத்திப் பிடி கையில் கரைந்துபோகிறது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டு வெறும் முஷ்டியாகிவிடும். மூன்றாவது, மங்கு வைத்த உயரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. திருத்தும் வழி எளிது. முதல் சுற்று அறையின் தூணைச் சுற்றி, கையில் ஓர் உண்மையான மரப்பிடியோடு. அடுத்த சுற்று தூணைச் சுற்றி, பிடியில்லாமல். பிறகுதான் தூணை விட்டு வெளியே. பொருளைத் தொடும் நொடியிலும் விடும் நொடியிலும் கை ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கணம் இல்லையென்றால் பார்ப்பவர் கண்ணுக்குப் பொருள் பிறக்காது.

இது நன்றாக வந்த பிறகு ஒரு தடையைப் போடுகிறார்கள். மேகம் கருக்கிறது. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். வெட்ட வேண்டிய மரவரிசை (நிரை) இன்னும் முடியவில்லை. இப்போது இருவர் வெட்டிக்கொண்டே பேச வேண்டும். கைக்கு உண்மையான வேலை இருப்பதால் வசனம் இயல்பாக உடைகிறது, இடையில் நிற்கிறது, பாதியில் போகிறது. சினிமாத் தமிழ் தானாக உதிர்ந்து வீட்டுத் தமிழ் வருகிறது. வேறு எந்தப் பயிற்சியும் இந்தப் பிள்ளைகளிடமிருந்து சென்னைக் குரலை இவ்வளவு சீக்கிரம் கழற்றவில்லை.

அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மெய்ஸ்னரின் (1905–1997) திரும்பச் சொல்லும் பயிற்சியும் உண்டு. எதிரெதிரே கையெட்டும் தூரத்தில் இருவர். ஒருவர் கண்ணில் பட்டதைச் சொல்ல, மற்றவர் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் குரலைக் கோணலாக்கி விளையாடத் தொடங்குவார்கள். இங்கே ஐந்து நிமிடம் விடுகிறார்கள், பாதி நேரம் சிரிப்பில் கரைகிறது. உடனடி நடிப்பு விளையாட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கொடுத்ததை ஏற்றுக்கொண்டு மேலே ஒன்றைச் சேர் என்ற விதியை நன்றாகவே நடத்துகிறார்கள். பேயும் துப்பாக்கியும் தடை. அந்தத் தடைக்கு நன்றி.

இனிக் குரல். வகுப்பின் பெரிய ஓட்டை இதுதான். ஒதுக்கியிருப்பது பத்து நிமிடம். அதிலும் பாதி, அறையின் இரு முனையில் நின்று ஒருவருக்கொருவர் கத்துவது. தொண்டையை இறுக்கிக் கத்தினால் மறுநாள் கரகரப்பு மிஞ்சும், மண்டபத்தின் பின்வரிசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. செய்ய வேண்டியது வேறு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிற்றில் ஒரு புத்தகம் வைத்து, மூச்சு இழுக்கும்போது அது உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு "ஸ்" என்று சீராக மூச்சை விடுவது, பதினைந்து நொடியில் தொடங்கி வாரம் வாரம் கூட்டி இருபத்தைந்துக்கு. அடுத்து வாயை மூடி "ம்" என்ற அதிர்வு, உதட்டில் கூச்சம் தெரியும் வரை. அதிலிருந்து வாயைத் திறந்து "மா, மே, மோ". கடைசியில்தான் வசனம். இத்தனைக்கும் இருபது நிமிடம் போதும்.

பையன்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பதின்மூன்று, பதினான்கில் குரல்வளை வளர்ந்து குரல் ஏறக்குறைய ஓர் எட்டுச் சுரம் கீழே இறங்கும். உடைகிற குரலை உயர்த்திப் பேசவைத்தால் பையன் கூசிப்போய் வாயையே திறக்கமாட்டான். அந்த வயதுக்காரர்களுக்குக் குறைந்த சுருதியில், சின்ன வாக்கியங்களில் பயிற்சி கொடுக்க வேண்டும். இங்கே எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கத்தவிடுகிறார்கள். உச்சரிப்பில் ழகரத்துக்குப் பாடுபடுகிறார்கள், சரி. ஆனால் கூடத்தின் கடைசி வரிசையில் முதலில் காணாமல் போவது சொல்லின் கடைசி மெய். "போறேன்" என்பது "போறே" என்று நின்றுவிடும். அதைத் திருத்த ஆளில்லை.

காட்சி முடிந்ததும் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லத் தடை இருக்கிறது. பார்த்தவர்கள் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, எந்த இடத்தில் நம்பினாய், எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி "அவன் கடிதத்தைப் பார்க்கவே இல்ல சார், அதான் நம்பல" என்று சொல்லும் அளவுக்குக் கண் தேறுகிறது. பள்ளி நாடகப் போட்டி நடுவர்கள் சிலருக்கும் இந்த மூன்று கேள்வியைக் கொடுக்கலாம்.

ஆனால் சார் வேறு குழுவோடு இருக்கும்போது உதவி அண்ணன் வசனத்தைத் தானே பேசிக்காட்டி "இப்படிச் சொல்லு தம்பி" என்கிறார். தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில், சிறுவர்கள் நடித்த பாலர் நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் சொன்னதை அப்படியே ஒப்பிப்பதுதான் முறை. பாட்டும் சந்தமும் நிறைந்த அந்த நாடகங்களுக்கு அது பொருந்தியது. பேச்சு வழக்கில் எழுதிய காட்சிக்கு அது பொருந்தாது. பிள்ளை எதிராளியைக் கேட்பதை நிறுத்திவிட்டு அண்ணனின் ராகத்தை நினைவுபடுத்திக்கொண்டிருக்கும். உதவி அக்கா அப்படிச் செய்வதில்லை. "நீ இப்ப அவளை என்ன செய்யப் பாக்குற?" என்று கேட்டுவிட்டு விலகிவிடுகிறார். முடிந்தால் உங்கள் பிள்ளையை அவர் குழுவில் போடச் சொல்லுங்கள்.

மேடையில் கன்னத்தில் அறைவதுபோல் காட்டுவதையும் ஒழுங்காகக் கற்றுத்தருகிறார்கள்: அடிப்பவரின் கை முகத்துக்கு ஒரு முழம் தள்ளியே போகும், முதலில் இருவரும் கண்ணால் சம்மதம் காட்ட வேண்டும், சத்தத்தை அடிவாங்குபவர் தன் கையைத் தட்டி எழுப்புவார், பார்வையாளருக்கு அவர் கை மறைந்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவது கடைசியில்தான்.

ஒன்பதாம் வாரத்தோடு பாடம் நின்று ஒத்திகை தொடங்குகிறது. ஒரு நிமிடக் காட்சிக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்பது மேடைக்காரர்களின் பழைய கணக்கு. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று சனிக்கிழமை எப்படிப் பார்த்தாலும் போதாது, குழுக்களைப் பிரித்து ஒரே நேரத்தில் ஒத்திகை நடத்தினாலும் இழுக்கும். நிகழ்ச்சியை இருபது நிமிடமாகக் குறைத்து, எட்டாம் வாரத்திலேயே வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கலாம். மனப்பாடம் தள்ளிப்போனதன் விளைவு, திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் குரல் பார்வையாளர் வரை கேட்டது.

ஒலிவாங்கி விஷயத்தில் துணிந்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். நம்மூர் மேடைகளில் முன்வரிசையில் மூன்று கம்பம் நட்டுவிடுவார்கள். எல்லாப் பாத்திரமும் சாகும்போதுகூட அந்தக் கம்பத்தைத் தேடி வந்துதான் சாகும். இங்கே கம்பமே இல்லை. தரையோடு கிடக்கும் இரண்டு ஒலிவாங்கிகள் மேடை விளிம்பில். அதனால் பிள்ளைகள் முழு மேடையையும் பயன்படுத்தினார்கள். ஆனால் மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தவில்லை, குரல் பயிற்சியும் குறைவு. பின்பாதியில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதி வசனம் எட்டவில்லை. தரை ஒலிவாங்கி காலடிச் சத்தத்தையும் வாங்கும் என்பதால் அதன் கீழே ஒரு மெத்தைத் துண்டு வைத்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சி வாய்ப்பு கிடைக்கும் என்று நினைத்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். கேமரா முன் நடிக்க இங்கே எதுவும் கற்றுத்தருவதில்லை. நாடகத்தைப் படிப்பாகவே தொடர விரும்புகிறவர்களுக்குக் கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக்கழகத்தின் நாடகத் துறை இருக்கிறது. அதன் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஆறு கேள்வி அட்டை கட்டாயம் கைகொடுக்கும். பள்ளிப் போட்டிக்கு மூன்று வாரத்தில் ஒரு நாடகம் தயாராக வேண்டும் என்று வருபவர்களும் ஏமாறுவார்கள்.

எட்டாத தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் ஏற்பாடு உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். தவணைக் கட்டணத்தை மாதாமாதம் கட்டலாம். நடுவில் நின்றால் கட்டிய மாதத்துப் பணம் திரும்பாது. தளர்வான காற்சட்டை, கறுப்பு அல்லது ஒரே நிற டீசட்டை, ஒரு லிட்டர் தண்ணீர், பென்சில், அழிப்பான். பெண் பிள்ளைகள் கொலுசைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அடுத்த தவணைக்குப் பதியப் போகிறவர்கள் குரல் பயிற்சிக்கு இருபது நிமிடம் ஒதுக்கியாயிற்றா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் சேரலாம். மூச்சுப் பயிற்சியை மட்டும் வீட்டில் தினமும் பத்து நிமிடம் படுத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், புத்தகம் கனமாக இருக்க வேண்டியதில்லை.